வால் அறுபட்ட முந்நூறு குரங்குகள்

ஆர்.கே.புரம், புதுதில்லி
9 மார்ச் 2025

வாசகம் சார்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், சௌக்கியம் விசாரிப்பதெல்லாம் பிறகு. வரிசை மாறினால் தைரியம் போய்விடும்.

மாநாட்டுக்காரர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நம் குரங்கு அட்டையின் வாலை நீட்டியது நான்தான்.

நீங்கள் அந்த வரைபடக் கோப்பைத் திறக்க எனக்கு அனுமதி கொடுத்தது மாநாட்டின் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்க. பார்த்தேன். பிழை இல்லை. பிழை இல்லாத ஒன்றைச் சும்மா மூடிவிட்டு வர என் கைக்குத் தெரியாது. வால் மொட்டையாக நிற்கிற மாதிரி இருந்தது. நுனியைப் பிடித்து மூன்று மில்லிமீட்டர் இழுத்து, ஒரு சுழி சுழித்துவிட்டேன். பார்க்க அவ்வளவு லட்சணம். அந்த வால் செப்பு என்பதும், செப்பில் மின்சாரம் ஓடும் என்பதும், என் சுழி போய் பேட்டரியின் காலை மிதித்துக்கொண்டு நிற்கும் என்பதும் அரசாங்கக் கோப்புகளை இந்தியில் மொழிபெயர்த்துப் பிழைக்கிற ஒரு ஜீவனுக்கு எப்படித் தெரியும்?

மாநாட்டன்று காலை, பேட்டரி போட்டதும் முந்நூறு குரங்குக்கும் முதுகு சுட்டது, கண் விளக்கு எரியவில்லை. நீங்கள் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "வால் முட்டுது. அறுத்தாச் சரியாயிரும். என் தப்புதான்" என்றீர்கள். மாநாட்டை நடத்தும் மேதா, "கோயீ பாத் நஹீ அங்கிள், பரவாயில்லை" என்றாள். நான் உங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் கொழுக்கட்டை.

"ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்று பத்து மணிக்குப் போனவள், நாலு நாற்பதுக்குத்தான் திரும்பினேன். எங்கே போனேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. அரங்கத்துக்கு எதிரே இருக்கிற பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் எழுந்ததெல்லாம் பிரெட் பகோடா வாங்க மட்டும். குற்றவுணர்ச்சி வந்தால் சிலருக்குத் தூக்கம் போகும். எனக்குப் பசி வரும்.

திரும்பி வந்ததும் வருஷா வருஷம் போல நிறைவு விழாவுக்கு மைக்கை என் கையில் கொடுத்தார்கள். பயந்தவள் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. "நம்ம இன்ஜினியர் சார் பரிணாம வளர்ச்சியை ஒரே நாளில் முடித்துவிட்டார், காலையில் வாலோடு வந்தவர்கள் மாலையில் வாலில்லாமல் போகிறீர்கள்" என்றேன். அரங்கமே சிரித்தது. நீங்கள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். இரண்டு வருடமாக வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்த ஹைதராபாத் மாற்றலை அடுத்த வாரமே வாங்கிக்கொண்டீர்கள்.

நேற்று மலை மந்திரில் உங்கள் மாடிவீட்டு மங்களம் மாமியைப் பார்த்தேன். செப்டம்பர் முப்பதுக்குள், அங்கேயே நிரந்தரமா, தில்லிக்கே திரும்புவதா என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டுமாமே. அங்கேயே என்றால் ஜனக்புரி வீட்டைக் காலி செய்துவிடுவீர்களாமே. பிரசாதம் கையில் வாங்கிக்கொண்டே இவ்வளவும் சொன்னார். பிறகு, "அதென்ன சுபா, ரெண்டு பேரும் ஆறு வருஷமா கழுத்துல மாட்டிக்கற தகடு பண்றேளாமே, தாயத்தா?" என்று கேட்டார்.

விளக்கினேன். கம்ப்யூட்டர் பூட்டுகளில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கிற பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிறார்கள் மாமி, பூட்டோடு பேசுவார்கள், ஆளோடு பேசமாட்டார்கள், அவ்வளவு கூச்சம். அதனால் அவர்கள் மாட்டிக்கொள்ளும் அடையாள அட்டையையே ஒரு சின்ன மின்பலகையாகச் செய்து கொடுக்கிறோம். இந்த வருஷம் குரங்கு. ஒரு குரங்குக்குக் கைநீளத்தில் இன்னொன்று வந்தால் இரண்டுக்கும் சிவப்புக் கண் பச்சையாகும். யார் யாரோடு எத்தனை நேரம் நின்றார்கள் என்று உள்ளே குறித்துக்கொள்ளும்.

மாமி யோசித்தார். "எங்க காலத்துல இதை அக்கம்பக்கத்து மாமிகளே பண்ணிடுவா" என்றார்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் இன்லேண்ட் லெட்டர். ஆறு வருடம் ஹேக்கர்களோடு பழகியதில் நான் கற்றது இதுதான்: ரகசியத்தை எச்சில் தொட்டு ஒட்டிவிட்டால் அந்தப் பிள்ளைகளால் திறக்க முடியாது, அவர்களுக்குத் தபால்பெட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அடுத்த பிப்ரவரிக்கு அட்டை செய்ய ஆள் இல்லை. நீங்கள் இல்லாவிட்டால் காகிதத்தில் அச்சடித்துக்கொள்கிறேன் என்கிறாள் மேதா.

சௌக்கியமா?

சுபாஷிணி


ஹைதராபாத்
2 ஏப்ரல் 2025

சுபாஷிணி மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சௌக்கியம்.

வாலை நீட்டியது நீங்கள் என்பது எனக்கு அன்று காலையே தெரியும். யார், எப்போது திருத்தினார் என்பது கோப்பில் பதிவாகும். ஒரு வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு பத்து. அந்த நேரத்தில் நீங்கள் அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டும். அது என் விஷயம் அல்ல.

தவறு என்னுடையது என்று சொன்னது பொய்யும் அல்ல. கோப்பைத் திறந்து கொடுத்தவன் நான். தயாரிப்புக்கு அனுப்பும் முன் மறுபடி பார்க்காதவனும் நான். மாதிரிப் பலகையில் கண் நன்றாக எரிந்ததால் பார்க்கவில்லை. மாதிரியின் வால் குட்டை.

மேடையில் சொன்னது நல்ல நகைச்சுவைதான். ரயிலில் வரும்போது எனக்கே சிரிப்பு வந்தது. நாக்பூருக்குப் பக்கத்தில்.

வருத்தம் வேறு. ஒரு வாலை அறுக்க எண்பது நொடி. முந்நூறுக்கு நானூறு நிமிடம். பத்து மணியிலிருந்து நாலு நாற்பது வரை. முதலில் உங்கள் ஏழாம் எண் குரங்கையும் என் ஒன்றாம் எண் குரங்கையும் சரிசெய்தேன், பிறகு மற்றவை. என் வலதுபக்கம் ஒரு நாற்காலி. ஐந்தாறு பேர் வந்து, "அங்கிள், யே குர்ஸீ லே லூம்?" என்று கேட்டார்கள். எடுக்காதீர்கள், ஆள் வருவார் என்று சொன்னேன். ஆள் வரவில்லை.

"நான்தான் இழுத்தேன், கத்தியைக் கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் அறுத்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்திருக்கும்.

ஆறு வருடமாக நான் வேலை செய்யும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேசுவீர்கள். அன்று பேச்சுச் சத்தம் இல்லை, வேலை வேகமாக நடக்கும் என்று நினைத்தேன். நடக்கவில்லை.

அட்டையைப் பற்றி இப்போது சொல்வதற்கு ஒன்றும் இல்லை. என் அலுவலக விஷயங்களை மாடிவீட்டு மங்களம் டீச்சரோடு பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாணிக்கவாசகம்


ஆர்.கே.புரம்
20 ஏப்ரல் 2025

வாசகம் சார்,

மங்களம் மாமியோடு உங்கள் அலுவலக விஷயத்தைப் பேசுவதில்லை. அவர் பேசுகிறார், நான் கேட்டுக்கொள்கிறேன். இதற்குத் தடை இருந்தால் எழுதுங்கள், ரொம்பக் கஷ்டப்பட்டு மீறுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பகோடா சாப்பிடவில்லை. அந்த நாற்காலி என் தொண்டையில் மாட்டிக்கொண்டது. நாக்பூர் மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

ஆனால் சார், அந்த நாற்காலி காலியாக இல்லை. என்னிடம் சாட்சி இருக்கிறது.

போன ஞாயிறு மேதா வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பீங்கான் கோப்பை. முந்நூறு குரங்கும் குறித்துவைத்த கணக்கை இப்போதுதான் பிரித்துப் பார்த்தார்களாம். நிறையப் பேரைச் சந்தித்த குரங்குக்கு ஒரு பரிசு. அது எண் 112, சமோசா கொண்டுவந்த ரவிக்குமாருடையது, அவரிடம் பேசாதவர் யார்? நாள் முழுக்கப் பிரியாமல் இருந்த ஜோடிக்கு இன்னொரு பரிசு. பேர் பார்த்துப் பிள்ளைகள் "ஹாய் ராம்" என்று வாயைப் பொத்திக்கொண்டார்களாம். எண் ஒன்று, எண் ஏழு. ஆறு மணி நாற்பது நிமிடம். இரண்டாவது வந்த ஜோடிக்கு வெறும் மூன்று மணி நேரம், அதுவும் போன டிசம்பரில் கல்யாணம் ஆனவர்கள்.

"ஆண்ட்டி, நீங்க தான் வெளியே பஸ் ஸ்டாப்ல இருந்தீங்களே, நான் தேக்கா, பார்த்தேன்" என்றாள் மேதா. ஹேக்கர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது, வாயிலிருந்தும்.

நடந்தது இதுதான். அன்று ஓடுவதற்கு முன்னால் ஒரு நொடி நின்றேன். எனக்கு உட்கார தைரியம் இல்லை. ஆனால் உங்களைத் தனியாக விட மனசும் இல்லை. கழுத்திலிருந்து என் குரங்கைக் கழற்றி, அந்த நாற்காலியில் மெதுவாக உட்கார வைத்தேன். "நீயாவது சார் பக்கத்துல இரு, எனக்கு லாயக்கில்லை" என்று அதன் காதில் சொல்லிவிட்டுத்தான் போனேன். நீங்கள் லென்ஸில் குனிந்திருந்தீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆக, ஆள்தான் வரவில்லை. ஆளுக்குப் பதில் ஒரு குரங்கு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் இதற்குப் பேர் வருகைப்பதிவு.

மேதா அந்தக் குரங்கையும் திருப்பிக் கொடுத்தாள். நாடாவில் யாரோ ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், பார்சல் கட்டுகிற மாதிரி இறுக்கமாக. அவிழ்க்க வரவில்லை. அப்படியே அலமாரி ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன். கோப்பையில் டீ குடிப்பதில்லை. பாதி உங்களுடையது.

சுபாஷிணி


ஹைதராபாத்
11 மே 2025

சுபாஷிணி மேடம்,

பதிவு சரியானது. அதில் தவறு வர வாய்ப்பில்லை, நான் எழுதிய நிரல்.

அன்று என் குறிப்பேட்டில் மதியம் ஒன்றரைக்கு ஒரு வரி எழுதியிருக்கிறேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். "எண் 1: அரங்கில் ஆள் இல்லாதபோதும் கண் பச்சை." இதைப் பழுதுகள் என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அது பழுது இல்லை.

நாற்காலியில் உட்கார வைத்தது பற்றி நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன்.

இங்கே ஆய்வுக்கூடம் நன்றாக இருக்கிறது. பக்கத்து மேஜை ராமச்சந்திரன் எனக்காக ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். இரண்டு அறை, தண்ணீர் உண்டு. செப்டம்பர் பற்றி முடிவு செய்யவில்லை. ஜனக்புரி வீட்டில் பேச்சுத்துணைக்கு யாரும் கிடையாது. இங்கும் கிடையாது. எனவே பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கோப்பையில் டீ குடிக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

பகோடா மொத்தம் எத்தனை?

மாணிக்கவாசகம்


ஆர்.கே.புரம்
14 செப்டம்பர் 2025

வாசகம் சார்,

ஒன்பது.

உங்கள் மே மாதக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். நடுவில் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். நாலிலும் நகைச்சுவை நன்றாக வந்திருந்தது. அதனால்தான் கிழித்தேன்.

பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்களை மாதிரி மூன்று மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்கிறவர் இப்படி எழுதினால், எதிர்முனையில் இருக்கிறவள் ஏதோ சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். எனக்கு அது நாலு மாதம் கழித்துத்தான் புரிந்தது. மொழிபெயர்ப்பாளராம்.

போன சனிக்கிழமை கொட்டுகிற மழையில் மெட்ரோவில் மெஜந்தா லைனைப் பிடித்து ஜனக்புரி போனேன். மங்களம் மாமி உங்கள் வீட்டுச் சாவியை வைத்திருக்கிறார் அல்லவா, பால்கனிச் செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் வாங்கிக்கொண்டேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோது செடிக்குத் தண்ணீர் விடப் போனவள் நான் ஒருத்திதான். மாமி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டது இந்த வருஷத்தில் அதிசயம்.

உங்கள் வேலை மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி இருக்கிறது. ஒன்று உங்களுடையது, குஷன் போட்டது. இன்னொன்றில், நான் போன வருஷம் பேசிக்கொண்டே சுரண்டிச் சுரண்டிப் பெயர்த்த பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது. வேறு யாரும் அதில் உட்கார்ந்த மாதிரி தெரியவில்லை. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை. சத்தியமாக. பேசுவதற்கு ஆள் இல்லாதபோது நான் பேசாமல் இருக்கிறேன் என்பது எனக்கே புதிய தகவல்.

சார், எனக்கு நாற்பத்தெட்டு வயது. விவாகரத்து ஆகிப் பதினாலு வருஷம். அந்த வீட்டில் நான் தப்புச் செய்தால் ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டு பறக்கும். அங்கே கற்றுக்கொண்ட பழக்கம்தான், தப்புச் செய்தால் முதலில் ஓடு, அகப்பட்டால் சிரிக்க வை. நீங்கள் அன்று "என் தப்புதான்" என்று சொன்னபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திட்டினால் சமாளித்திருப்பேன். என் தப்பை ஒருத்தர் எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு அமைதியாக வால் அறுக்க உட்கார்ந்தால், அதற்குப் பழக்கமில்லை.

வந்துவிடுங்கள். அட்டைக்காக இல்லை. மேதா காகிதத்தில் அச்சடித்துக்கொள்ளட்டும்.

பேச்சுத்துணை உண்டு. அதிகமாகவே உண்டு. தாங்காவிட்டால் சொல்லுங்கள், பஸ் ஸ்டாப்பில் போய் உட்காருகிறேன். ஆனால் இந்த முறை பத்தே நிமிடம்.

சுபாஷிணி


ஹைதராபாத்
27 செப்டம்பர் 2025

சுபாஷிணி,

தில்லி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்று. ராமச்சந்திரன் அந்த இரண்டு அறை வீட்டை அவர் மைத்துனருக்குப் பேசிவிட்டார்.

அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை காலை நிஜாமுதீன் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று இல்லை. வந்தால் பெட்டி எண் தெரிந்திருப்பது நல்லது, பி-4.

அடுத்த வருட அட்டைக்குப் படம் போட ஆரம்பித்துவிட்டேன். மறுபடியும் குரங்குதான். வாலுக்கு இடம் விட்டுவைத்திருக்கிறேன், பேட்டரியைப் பலகையின் மறுபக்கம் தள்ளிவிட்டேன். அந்தப் பக்கம் முழுவதும் வெற்றிடம். எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், எத்தனை சுழி வேண்டுமானாலும் போடலாம். கோப்பு உங்களுக்குத் திறந்திருக்கிறது. அலுவலக நேரத்தில் வேண்டாம்.

அந்த இன்னொரு நாற்காலியின் பிளாஸ்டிக்கை மாற்றவில்லை. மாற்றும் எண்ணமும் இல்லை.

பதினாலு வருடத்துக்கு முன் நடந்தது பற்றி நீங்கள் எழுதியதற்கு எனக்கு எழுதத் தெரியவில்லை. நேரில் வந்து பக்கத்தில் உட்காருகிறேன். நீங்கள் பேசுங்கள்.

மாணிக்கவாசகம்

பின்குறிப்பு: உங்கள் ஏப்ரல் கடிதத்தில் ஒரு திருத்தம். குரங்கை நீங்கள் நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. அதன் காதில் எதுவும் சொல்லவும் இல்லை. திரும்பி ஓடும்போது நாடா மேஜை விளிம்பில் மாட்டி அறுந்து, குரங்கு என் காலடியில் விழுந்தது. நீங்கள் கவனிக்கவே இல்லை. எடுத்து, முடிச்சுப் போட்டு, நாற்காலியில் வைத்தது நான்.